அம்பின் முனையைப் பிடிக்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம் உண்டு. அந்த மாநிலத்துச் சட்டசபை 2024-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் துப்பாக்கியைப் பற்றிய பாதுகாப்புப் பாடம் நடத்தியாக வேண்டும் என்பது அந்தச் சட்டம். 2025-ம் ஆண்டு பள்ளி திறந்தபோது பாடமும் தொடங்கிவிட்டது. ஆர்கன்சா, யூட்டா என்ற இரண்டு மாநிலங்களும் அதே 2025-ல் இதைப் போன்ற சட்டங்களைச் செய்தன. டென்னசிப் பாடத்தில் உண்மையான துப்பாக்கியையோ தோட்டாவையோ வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது. எங்காவது துப்பாக்கி கிடக்கக் கண்டால் தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போய்விடு, பெரியவர் ஒருவரிடம் சொல் என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதன் சாரம்.

டுரியான் துங்காலில் மளிகைக்கடை வைத்திருப்பவனுக்கும் டென்னசிப் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம் சங்கத்துச் சகோதரர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன். பெரியவர்கள் ஆபத்தான பொருள் ஒன்றை வாங்குகிறார்கள், விற்கிறார்கள், வீட்டில் வைக்கிறார்கள். அதனால் பிள்ளைக்குத் தீங்கு வராமல் காக்கும் கடமை யாருடையது? பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிடுமா? இது துப்பாக்கிக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருக்கும் உரியது. நான் ஆலிமும் அல்லன், சட்டம் படித்தவனும் அல்லன். ஓதும் பள்ளியிலும் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பு வரையிலும் கற்றதையும், கடையில் இருந்து பார்த்ததையும், பிறகு வாசித்து அறிந்ததையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். குறை இருந்தால் கற்றவர்கள் திருத்தட்டும்.

அந்த நாட்டார் இப்படிச் சட்டம் செய்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2020-ம் ஆண்டில் அங்கே ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதற்காரணம் துப்பாக்கி என்றாகிவிட்டது. வாகன விபத்தைக்கூட அது முந்திவிட்டது. அந்தச் சாவுகளில் பெரும்பகுதி கொலையும் தற்கொலையும். பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துச் சுட்டு உயிர் போவது அதில் ஒரு சிறு பகுதி. பள்ளிக்கூடப் பாடம் முக்கியமாக எட்டக்கூடியது அந்தச் சிறு பகுதியைத்தான். ஆயினும் உயிர் உயிர்தானே. பகுதி சிறியது என்பதற்காகப் பாடமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

பாடம் புதிதும் அன்று. அந்நாட்டின் தேசிய ரைஃபிள் சங்கம் 1988-ம் ஆண்டிலேயே ஒரு கழுகின் சித்திரத்தை வைத்து, அதற்கு எடி ஈகிள் என்று பெயரும் சூட்டி, சிறு பிள்ளைகளுக்கு இதே வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கமே பிள்ளைகளுக்குப் பாடமும் தயாரித்துக் கொடுத்தது என்று படித்தபோது எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது. சரக்கின் பக்கம் நிற்பவன் புத்திமதியையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தால், எடைக்கல்லை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது வியாபாரிகளின் வழக்கம்.

பாடத்தால் பலன் உண்டா? இதை அந்நாட்டு வைத்தியர்களே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அட்லாண்டா நகரத்தில் நடந்து 2001-ம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 8 முதல் 12 வயது வரை உள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விளையாட விட்டார்கள். அந்த அறையின் இழுப்பறை ஒன்றில் உண்மையான கைத்துப்பாக்கி, தோட்டா இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது. பெரியவர்கள் கண்ணாடிக்கு அப்பால் மறைந்திருந்து பார்த்தார்கள். 48 பையன்களின் கண்ணில் துப்பாக்கி பட்டது. அவர்களில் 30 பேர் அதைக் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையையும் இழுத்தார்கள். எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைப் பற்றி முன்பே ஏதோ ஒரு வகையில் புத்திமதி கேட்டவர்கள்! இன்னொன்றும் உண்டு. அதைக் கண்ட பையன்களில் சுமார் பாதிப்பேர் அது விளையாட்டுச் சாமான் என்று நினைத்தார்கள், அல்லது எது என்று நிச்சயமாகத் தெரியாமல் இருந்தார்கள். இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன். நம் கடைகளைத் தொடும் விஷயம் அது.

2004-ம் ஆண்டில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து வேறொரு சோதனை நடந்தது. கழுகுப் பாடம் கேட்ட குழந்தைகள் கேட்டால் அழகாக ஒப்பித்தார்கள். துப்பாக்கியை எதிரில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் வெளியே போனபோது, ஒப்பித்தபடி நடக்கவில்லை. வாயால் சொல்லிக் கொடுக்காமல், நடித்துக் காட்டி, பிள்ளையையும் நடக்க வைத்து, பலமுறை பழக்கியபோது மட்டும் சற்று மேலான பலன் கிடைத்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஓதும் பள்ளியில் நாமும் எவ்வளவோ மனப்பாடம் செய்தோம். அடுத்த வீட்டுக்காரருடைய ரம்புத்தான் மரம் காய்த்துக் குலுங்கும்போது, ஒப்பித்த பாடம் எத்தனை பேருடைய கையைப் பிடித்து நிறுத்தியது?

ஆனால் நியாயத்தை மறைக்கக் கூடாது. 2023-ம் ஆண்டில் ஓஹாயோ மாநிலத்தில் நடந்த சோதனை ஒன்று மறுபக்கம் பேசுகிறது. 8 முதல் 12 வயது வரை உள்ள 226 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு நிமிஷப் படம் காட்டினார்கள். மறு பாதிக்குக் காட்டியது மோட்டார் வாகனப் பாதுகாப்பைப் பற்றிய படம். ஒரு வாரம் சென்று, ஒளித்து வைத்த துப்பாக்கியைக் கண்டபோது, முதல் வகையினரில் பெரியவரிடம் போய்ச் சொன்னவர்கள் மூன்று மடங்கு அதிகம். விசையை இழுத்தவர்களும் வெகு குறைவு. ஆகவே பாடம் வீண் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனாலும் அந்த நல்ல சோதனையிலேயே, பாடம் கேட்ட பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேர் துப்பாக்கியைத் தொடவே செய்தார்கள். பத்துப் பெட்டி முட்டையில் நான்கு பெட்டி உடைந்து வந்தால் சரக்கு ஏற்றிய லாரிக்காரரிடம் நாம் என்ன சொல்வோம்? முட்டையைப் பார்த்து, நீ இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வோமா?

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் துப்பாக்கி இல்லை. அம்பும் வாளும் இருந்தன. பள்ளிவாசல் வழியாகவோ கடைவீதி வழியாகவோ அம்புகளை எடுத்துச் செல்பவர், யார் மேலும் பட்டுவிடாதபடி அவற்றின் முனைகளைத் தம் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கட்டளையிட்ட செய்தியை அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இருக்கிறது. சிறு வயதில் கேட்டபோது ஒரு சாதாரண ஒழுங்கு என்றே தோன்றியது. கடைவீதியில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்த பிறகுதான் அதிலுள்ள நுட்பம் தெரிகிறது.

கடைவீதி என்றால் எல்லோரும் வரும் இடம். கண் தெரியாதவர் வருவார், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தவள் வருவாள், ஓடிப்பிடித்து விளையாடும் பையன்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து, அம்பு வருகிறது, எல்லோரும் ஜாக்கிரதையாக விலகி நடங்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லப்படவில்லை. கட்டளை அம்பு வைத்திருப்பவரை நோக்கியே வந்தது. முனையைப் பிடித்தால் குத்துவது யார் கையில்? பிடித்தவர் கையில்தான். அசௌகரியம் எல்லாம் பொருளுக்கு உடையவருக்கே; வழியில் நடப்பவருக்கு இல்லை. உருவிய வாளை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று தடுத்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. அங்கேயும் பேச்சு கொடுப்பவரிடம்தான். கொடுப்பவர் என்ற சொல்லைக் கேட்டதும் விற்பவர் என்ற சொல்லும் என் காதில் விழுகிறது.

இதோடு, பருவம் அடையாத பிள்ளையின் மேல் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது மதரஸாவில் எல்லோரும் கற்றதே. அப்பிள்ளையின் பெயரில் குற்றம் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பெயரில் நாம் கடன் பற்று வைக்கலாமா? துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, தொடாதே என்று சொன்னேனே, அவன்தான் தொட்டான் என்று தகப்பன் சொன்னால், அந்தத் தகப்பன் தன் கடனைப் பிள்ளையின் கணக்கில் எழுதுகிறான்.

எந்தப் பாடமும் பிள்ளைக்கு உதவாத சமயமும் உண்டு. நம்மில் பலருக்குப் பூர்வீகம் புதுக்கோட்டைச் சீமை. அங்கே நார்த்தாமலைப் பக்கம் இருந்த துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில், 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி காவல் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, குண்டு ஒன்று வெகுதூரம் தாண்டி வந்து, பாட்டன் வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ம் தேதி அந்தப் பிள்ளை இறந்தான். அவன் எதைத் தொட்டான்? எதை எடுத்தான்? அவனுக்கு எந்த வகுப்பில் எந்த உபாத்தியாயர் என்ன சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் குண்டு விலகிப் போயிருக்கும்?

அப்படியானால் பிள்ளைகளுக்கு ஆபத்தைப் பற்றி ஒன்றுமே சொல்ல வேண்டாமா என்று கேட்டால், நான் அப்படிச் சொல்லவில்லை. என் கணக்கு வேறு. பூட்ட முடியாத ஆபத்து ஒன்று, பூட்டக்கூடிய ஆபத்து ஒன்று. எங்கள் ஊர் அணைக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பை யாரும் அலமாரியில் வைத்துப் பூட்ட முடியாது. ஆற்றையும் கடலையும் நெடுஞ்சாலையையும் பூட்ட முடியாது. ஆகவே நீந்தக் கற்றுக்கொடு, சாலையைக் கடக்கக் கற்றுக்கொடு, அது தகப்பனின் கடமை, பள்ளிக்கூடத்தின் கடமை. துப்பாக்கி அப்படியன்று. அது ஒரு மனிதன் காசு கொடுத்து வாங்கி, ஓர் இடத்தில் வைக்கும் பொருள். அதற்குப் பூட்டும் சாவியும் உண்டு. பூட்டக்கூடியதைப் பூட்டாமல் வைத்துவிட்டுப் பாடம் நடத்துவது, அணைக்கட்டையும் அலமாரியையும் ஒன்றாகப் பார்ப்பதாகும்.

பூட்டினால் பலன் உண்டா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிள்ளை கையில் எட்டும்படி துப்பாக்கியை வைத்து அதனால் தீங்கு நேர்ந்தால், வைத்த பெரியவருக்குத் தண்டனை என்று ஃபுளோரிடா மாநிலம் 1989-ல் முதன்முதலாகச் சட்டம் செய்தது. வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. அப்படிச் சட்டம் செய்த 12 மாநிலங்களைப் பார்த்து 1997-ல் வந்த ஆராய்ச்சி, பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தவறிச் சுட்டுச் சாவது எதிர்பார்த்ததைவிட 23 சதவீதம் குறைந்தது என்றது. பிறகு வந்த ஆராய்ச்சி, தண்டனை கடுமையாக இருந்த ஃபுளோரிடாவில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது என்று திருத்தியது. சட்டம் சாதுவாக இருந்தால் பூட்டும் சாதுவாகத்தான் இருக்கும் போலும்.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். மலேசியாவில் துப்பாக்கி கடையில் வாங்கும் சாதாரணப் பொருளன்று. 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971-ம் ஆண்டு துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையை அதிகமாக்கிய சட்டமும் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. குற்றம் செய்யும்போது சுட்டால் கட்டாயத் தூக்கு என்று இருந்தது 2023-ல்தான் மாறி, நீதிபதியின் தீர்மானத்துக்கு விடப்பட்டது. அனுமதிச் சீட்டு பெற்ற விவசாயிகள் சிலர் காட்டுப்பன்றியை விரட்ட வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பார்கள். மற்றபடி நம் பிள்ளைகள் துப்பாக்கியைப் பார்ப்பது போலீஸ்காரர் இடுப்பிலும் பாங்கு வாசலிலும் கைப்பேசி விளையாட்டிலும்தான். அல்ஹம்துலில்லாஹ், இந்த விஷயத்தில் நம் நாடு முதலில் பூட்டைப் போட்ட நாடு. அதனாலேயே டென்னசிப் பாடம் நம் பள்ளிக்கூடங்களுக்கு அவசியப்படவில்லை.

பெரியவர்கள் தலைமுறைக்கு அப்படி இல்லை. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் தோட்டங்களில் விசேஷக் காவலர்கள் துப்பாக்கியோடுதான் நடந்தார்கள். 1953 செப்டம்பரில் நம் மலாக்காவின் ஒரு பகுதிதான் நாட்டிலேயே முதன்முதலாக வெள்ளைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கடைக்காரர்களைப் பற்றி என் அத்தா சொல்லிக் கேட்ட விஷயம் ஒன்று உண்டு. காட்டுக்குள் உணவு போகக் கூடாது என்பதற்காக, பல இடங்களில் டின் சாமான்களை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகும் முன் வாங்கியவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். ஒரு பால் டின் தவறான கைக்குப் போகாமல் காக்கும் பொறுப்பைச் சர்க்கார் கடைக்காரன் தலையில்தான் வைத்தது. அதைக் கஷ்டம் என்று நம்மவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். ஆனால் பொருளை விற்பவனுக்கு அது போகும் வழியிலும் பொறுப்பு உண்டு என்பது நமக்குப் புதிய பாடம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்ற 2025-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எங்கள் டுரியான் துங்கால் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்டது. செம்பனைத் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் மூவர் இறந்த சம்பவம் அது. அதன் நியாயத்தை விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. கடைத் திண்ணையில் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்த நாட்களில் மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகள்கூடத் துப்பாக்கியைப் பற்றியே பேசினார்கள். எத்தனை குண்டு, எந்த வகை, எவ்வளவு தூரம் போகும் என்று. எல்லாம் விளையாட்டுப் படத்தில் கற்றது. சுடப்பட்டவர் வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பள்ளியில் ஏதாவது சொல்லிக் கொடுப்பதென்றால் அங்கிருந்து தொடங்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

துப்பாக்கி பூட்டப்பட்டது, சரி. நாம் பூட்டாதவை எவை? தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்குக் களைக்கொல்லி தெரியும். பாராகுவாட் என்ற மருந்தை நம் நாடு 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. அதற்கு முன் பல வருஷம், மருந்தைப் பெரிய டின்னிலிருந்து குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டு மூலையில் வைக்கும் வழக்கம் இருந்தது. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது போத்தல். விஷம் என்று எப்படித் தெரியும்? போத்தலைக் குடிக்காதே என்று பாடம் நடத்துவதா, போத்தலில் ஊற்றாதே என்று தகப்பனுக்குச் சொல்வதா?

இப்போது அட்லாண்டாப் பையன்களுக்குத் திரும்பி வருகிறேன். பாதிப்பேருக்கு உண்மைத் துப்பாக்கி விளையாட்டுத் துப்பாக்கியாகத் தோன்றியது என்றேன் அல்லவா? தோன்றாமல் என்ன செய்யும்? விளையாட்டுத் துப்பாக்கி உண்மையைப் போல் இருந்தால் உண்மையும் விளையாட்டைப் போல்தான் இருக்கும். விஷத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றுவதும் இதுவும் ஒன்றே. அமெரிக்காவில் 1988-லேயே சட்டம் செய்து, விளையாட்டுத் துப்பாக்கியின் குழல் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்றார்கள். 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கையில் வைத்திருந்த விளையாட்டுத் துப்பாக்கியில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. போலீஸ் வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சுட்டார்கள். பையன் இறந்தான். சுட்டவர் செய்தது சரியா என்பது ஒரு பெரிய வழக்கு. அந்த முனையைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது நம் கடைகளின் முன்னால் தொங்குவது என்ன என்று பாருங்கள். கறுப்பு நிறத்தில், கனமாக, பெயரும் எண்ணும் பொறித்து, பிளாஸ்டிக் குண்டு போட்டுச் சுடும் துப்பாக்கிகள். பெருநாள் பணம் கையில் கிடைத்த பிள்ளை முதலில் ஓடிவருவது அதற்குத்தான். அந்தச் சிறு குண்டு கண்ணில் பட்டால் கண் பார்வை போகக்கூடும்; கண் வைத்தியர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையே நபி பெருமானார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். கையிலிருந்து ஷைத்தான் அதை இழுத்துவிடலாம் என்ற காரணத்தையும் சொன்னார்கள். பெருநாள் அன்று தம்பியின் முகத்தை நோக்கி நீட்டும்படி ஒரு சாமானை நாமே விற்றுவிட்டு, மாலையில் பள்ளிவாசலில் உட்கார்ந்து பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று பேசுகிறோம். உண்மையைப் போன்ற போலி ஆயுதங்களைப் பற்றி நம் 1960-ம் ஆண்டுச் சட்டத்திலேயே விதி இருக்கிறது என்பதையும் வியாபாரிகள் கவனிப்பது நல்லது.

பட்டாசும் அவ்வாறே. 1991 முதல் அதற்குத் தடை வந்தது. சிறு வகைகள் ஒன்றிரண்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. இருந்தும் நோன்பு மாதத்தில் விரல் போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி வராத வருஷம் அரிது. மூங்கில் பீரங்கியில் கார்பைட் போட்டு வெடிக்கும் கூத்தும் அப்படித்தான். போலீசார் பள்ளிக்கூடங்களுக்கு வந்து எச்சரிக்கிறார்கள், உபாத்தியாயர்கள் எச்சரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும், மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கை ஒன்று இருக்கிறதே, அதற்கு யார் பாடம் நடத்துவது?

இதை நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு ஹாஜியாரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "தம்பி, நாம் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரன் விற்பான். பிள்ளை எப்படியும் வாங்கத்தான் போகிறான். நஷ்டம் நமக்கு மட்டும்தானே?" இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று. வாடகை, கூலி, மின்சாரம் எல்லாம் பெருநாள் வியாபாரத்தை நம்பியிருக்கும் சிறு கடைகள் எத்தனையோ. பெரிய பேரங்காடிகள் வந்த பிறகு நமக்கு மிஞ்சியிருப்பதே இந்தச் சில்லறைச் சாமான்கள்தாம். ஹாஜியார் பேராசையால் பேசவில்லை. மூன்று பேரனைப் படிக்க வைக்கும் மனிதர் பேசுகிறார். நான் அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் சொல்வது சரி, ஹாஜியார். அம்பின் முனையைப் பிடித்தால் கை வலிக்கும். வலிக்காது என்று யாரும் சொல்லவில்லை." அவர் சிரித்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அவருடைய கடையில் அவை இன்னும் தொங்குகின்றன. என் கடையில் நான் வைப்பதில்லை. அந்த இடத்தில் பந்தும் பட்டமும் தொங்குகின்றன. துப்பாக்கியில் வரும் லாபத்தில் பாதிகூட வராது.

ஒரு கடைக்காரன் மட்டும் நிறுத்தினால் அடுத்தவன் விற்பான் என்பதுதான் ஹாஜியாரின் வாதத்துக்குப் பலம். ஆகவே அதற்குப் பதில் சங்கத்திடம்தான் இருக்கிறது. தனி மனிதனுக்கு நஷ்டமாக இருப்பது, வீதியிலுள்ள எல்லோரும் சேர்ந்து செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பிள்ளையின் பெருநாள் பணம் பந்துக்குப் போனாலும் நம் கல்லாவுக்குத்தானே வரும்?

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வேலை வைக்கிறேன். அமெரிக்கப் பாடத்தில் மூன்றாவது வாக்கியம், பெரியவரிடம் சொல் என்பது. அதுதான் மிகக் கஷ்டமான வாக்கியம் என்று எனக்குப் படுகிறது. நம் பிள்ளைகள் ஏன் சொல்வதில்லை? சொன்னால் முதல் அறை சொன்னவனுக்கே விழும். "நீ ஏன் அங்கே போனாய்? யாரோடு சேர்ந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே காதைத் திருகுவோம். மூங்கில் பீரங்கி செய்யும் கூட்டத்தைப் பற்றி வந்து சொன்ன பிள்ளை, மறுநாள் கூட்டத்தாரிடமும் அடி வாங்குவான், வீட்டிலும் வாங்குவான். பிறகு எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? பெரியவரிடம் சொல் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் முன், சொல்ல வந்த பிள்ளையை அடிக்காதே என்று பெரியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கட்டடத்துக்கும் பந்தலுக்கும் வசூல் பேசும் நேரத்தில் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஓதும் பள்ளிகளிலும் அம்பு ஹதீஸை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நில்லாமல், கத்தரிக்கோலைக் கொடுக்கும்போது முனையைத் தன் பக்கம் பிடித்துக் கைப்பிடியை எதிரில் இருப்பவருக்கு நீட்டும்படி பிள்ளைகளைப் பழக்கலாம். கைக்குப் பழகியது மறக்காது.

நாம் ஷஅபான் பிறந்ததும் பெருநாள் சரக்குக்கு மொத்த வியாபாரிகளிடம் சொல்லி வைக்கிறோம். அதற்கு முந்திய ரஜப் மாதத்திலேயே நம் சங்கத்து நிர்வாகிகள் ஒரு கூட்டம் வைத்து, உண்மையைப் போல் தோன்றும் விளையாட்டுத் துப்பாக்கியையும், தடுக்கப்பட்ட பட்டாசையும் அங்கத்தினர் யாரும் வாங்கி வைப்பதில்லை என்று ஒரு தீர்மானத்துக்கு வர முடியுமா என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஹாஜியாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவர் கேட்ட கேள்வியையே முதலில் எடுத்துப் பேசலாம்.